நிழல் காணாமல் போகும் ஊர்

கடந்த ஆண்டு டிசம்பர், ஒரு சனிக்கிழமை காலை. சிறுவர் அங்கம் நேரலையில் போய்க்கொண்டிருந்தது. சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு சிறுமி அழைத்தாள்.

"அக்கா, லண்டன்ல இப்போ பனி கொட்டுதாமே. நம்ம நாட்டுல மட்டும் ஏன் கொட்ட மாட்டேங்குது?"

அடுத்த பாடலுக்கு இருபது விநாடிகள்தாம் இருந்தன. யோசிக்கவில்லை. "குளிர்காலத்துல பூமி சூரியனை விட்டுத் தூரமாப் போயிடும்மா. நாம பூமியோட நடுவுல, சூரியனுக்குப் பக்கத்துல இருக்கோம். அதனாலதான் நமக்குக் குளிர்காலமே இல்ல" என்றேன். "ஓ, அப்படியாக்கா!" என்று அவள் வியந்தாள். பாடல் ஒலித்தது. நானும் ஒரு குழந்தைக்கு அறிவியல் சொல்லிக்கொடுத்த திருப்தியில் கோப்பியை எடுத்துக் குடித்தேன்.

என் அப்பா கிள்ளானில் இருக்கிறார். தமிழ்ப்பள்ளியில் அறிவியலும் கணிதமும் கற்பித்து ஓய்வு பெற்றவர். காலையில் பசியாறும்போது என் நிகழ்ச்சி ஓடாமல் இருக்காது. ஆனால் நன்றாக இருந்தது என்று ஒருநாளும் சொன்னதில்லை. ழகரம் நழுவினால் மட்டும் புலனத்தில் ஒரு வரி வரும். அன்றும் ஒரு வரி வந்தது.

"பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரி முதல் வாரத்தில். நேரமிருந்தால் பார்."

பார்த்தேன். ஜனவரித் தொடக்கத்தில் பூமிக்கும் சூரியனுக்கும் இடையே சுமார் 14 கோடியே 71 லட்சம் கிலோமீட்டர். ஜூலைத் தொடக்கத்தில் 15 கோடியே 21 லட்சம். அதாவது லண்டன் நடுங்கும் நேரத்தில்தான் பூமி சூரியனுக்குப் பக்கத்தில் இருக்கிறது. இதில் வெட்கப்பட வேண்டிய இன்னொன்றும் உண்டு. ஒரு டிசம்பரில் நான் பெர்த் நகருக்குப் போய் வெயிலில் வாடி வந்தவள். தூரம்தான் காரணம் என்றால் ஆஸ்திரேலியாவிலும் அப்போது குளிர்காலமாக அல்லவா இருந்திருக்க வேண்டும்?

அடுத்த சனிக்கிழமையே திருத்திச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எந்த நேயரும் கேட்கவில்லை. நிர்வாகத்திலிருந்தும் யாரும் கேட்கவில்லை. அப்பாவும் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவர் எடுக்காததுதான் உறுத்திக்கொண்டே இருந்தது.

சுவரில் இருந்த படம்

அப்பாவின் வகுப்பறைச் சுவரில் ஒரு படம் பல ஆண்டுகள் இருந்தது. ஏதோ பழைய இதழிலிருந்து வெட்டி ஒட்டியது. நான்கு மரத்தூண்கள், மேலே ஒரு வளையம், அதைக் குறுக்கே துளைத்துச் செல்லும் ஓர் அம்பு. பொந்தியானாக் நகரின் நிலநடுக்கோட்டு நினைவுச் சின்னம். "ஒருநாள் நேரில் பார்க்கணும்" என்று மாணவர்களிடம் சொல்வாராம். தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சொன்ன அவரும் போகவில்லை. கேட்ட பிள்ளைகளில் யார் போனார்களோ தெரியாது.

இந்த ஆகஸ்டில் நானே கேட்டேன். "செப்டம்பர்ல விடுப்பு இருக்கு. போலாமாப்பா?"

அப்பா நாட்காட்டியைத்தான் பார்த்தார். "21, 22, 23. இந்த மூணு நாள்ல அங்க இருக்கணும்" என்றார்.

அம்மாவுக்குச் சம்மதமில்லை. "ஊர் பேரே பொந்தியானாக். பேய் பேர் வச்ச ஊருக்கா போறீங்க?" 1771இல் அந்த நகரை நிறுவிய சுல்தான் சரிப் அப்துல் ரஹ்மான், ஆற்றங்கரைப் பேய்களைப் பீரங்கியால் சுட்டு விரட்டினார் என்பது அந்த ஊர்க் கதை. "விரட்டிட்டாங்கல்ல, அப்புறம் என்ன?" என்றார் அப்பா.

கோலாலம்பூரிலிருந்து கூச்சிங்கிற்கு விமானம். அங்கிருந்து பேருந்து. தெபெடுவில் நம் எல்லையைக் கடந்தால் அந்தப் பக்கம் எந்திக்கோங், மேற்குக் காலிமந்தான். வழியெல்லாம் செம்பனை, இடையிடையே பால்மரம். பால்மரத்தைக் கண்டதும் அப்பாவுக்குப் பேச்சு வந்துவிட்டது. எல்லையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்பினோம். பொந்தியானாக் போய்ச் சேர்வதற்குள் இருட்டிவிட்டது. பயணம் ஒன்பது மணி நேரத்துக்கு மேல்.

சாத்தே குச்சியும் ஆரஞ்சும்

அன்றிரவு தங்கும் விடுதி அறையில், மூன்றாம் வகுப்பு மாணவியைப் போல என்னை உட்கார வைத்தார். கடையில் வாங்கிய ஆரஞ்சில் சாத்தே குச்சியைச் செருகினார். மேசை விளக்குதான் சூரியன்.

"குச்சிதான் அச்சு. நேரா நிக்கல பாரு. 23.4 பாகை சாஞ்சிருக்கு. இப்போ பூமி சூரியனைச் சுத்துது." ஆரஞ்சை விளக்கைச் சுற்றிக் கொண்டுபோனார். "குச்சி எந்தப் பக்கம் பார்க்குது?"

"சன்னல் பக்கம்."

"சுத்தி வந்தப்புறம்?"

"அப்பவும் சன்னல் பக்கம்."

"அவ்வளவுதான் பாடம்" என்றார்.

பூமி எங்கே போனாலும் அதன் அச்சு துருவ நட்சத்திரத்தின் திசையையே காட்டிக்கொண்டிருக்கிறது. அதனால் ஜூனில் வடபாதி விளக்கின் பக்கம் சாய்ந்திருக்கும். டிசம்பரில் அதே பாதி விளக்கை விட்டு விலகிச் சாய்ந்திருக்கும். சாய்ந்து விலகும் பாதிக்கு வெயில் சரிவாக விழுகிறது. கைவிளக்கை நேராகத் தாளில் அடித்தால் சின்னதாய், பளிச்சென்று ஒரு வட்டம். சரித்து அடித்தால் வட்டம் நீண்டு மங்கிவிடும். ஒளி அதேதான், ஆனால் அதிக இடத்துக்குப் பங்கு பிரிகிறது. அதோடு பகலும் குறைகிறது. லண்டனில் ஜூன் மாதப் பகல் பதினாறரை மணி நேரத்துக்கு மேல். டிசம்பரில் எட்டு மணி நேரம்கூட இல்லை. சரிவான வெயில், அதுவும் கொஞ்ச நேரம். குளிராமல் என்ன செய்யும்?

நமக்கோ கோலாலம்பூரில் ஆண்டின் நீளமான பகலுக்கும் குட்டையான பகலுக்கும் சுமார் 20 நிமிடம்தான் வித்தியாசம். அந்தச் சிறுமிக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான்.

"ஆனா நமக்குப் பருவமே இல்லைன்னு சொன்னியே, அதுவும் முழுசா சரியில்ல" என்றார் அப்பா. "நவம்பர்ல கிளந்தான், திரங்கானுல வெள்ளம் வருதே, எதனால? பிப்ரவரியில பால்மரம் இலை கொட்டுதே, எதனால?" சூரியன் வடக்கே, தெற்கே நகர நகர, வெப்பப் பட்டையும் மழைப் பட்டையும் அதன் பின்னால் நகர்கின்றன. வடகிழக்குப் பருவமழைக்கும் ஆதி காரணம் அந்தச் சாய்வுதான். இலை கொட்டும் மாதங்களில் பால் குறையும். பால் குறைந்தால் தோட்டத்தில் சம்பளம் குறையும். "நம்ம பாட்டிக்கு 23.4 தெரியாது. ஆனா பிப்ரவரி மாசச் சம்பளம் தெரியும்" என்றார்.

பிறகு மற்ற கோள்களுக்கும் குச்சி செருகினார். வியாழன் மூன்று பாகைதான் சாய்ந்திருக்கிறது. அங்கே பருவங்கள் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. செவ்வாய் 25 பாகை, நம்மைப் போலவே. ஆனால் நமக்குப் பெரிய நிலா ஒன்று இருக்கிறது. அது பூமியின் சாய்வை அதிகம் ஆட விடாமல் பிடித்து வைத்திருக்கிறது. சுமார் 41,000 ஆண்டுகளில் நம் சாய்வு 22.1க்கும் 24.5க்கும் இடையில்தான் போய் வருகிறது. அந்தச் சிறு ஆட்டத்துக்கே பனியுகங்களின் வருகையில் பங்கு உண்டு. செவ்வாயின் இரண்டு நிலாக்களும் மிகச் சிறியவை. அவற்றால் பிடித்து வைக்க முடியாது. பல லட்சம் ஆண்டுகளில் அதன் சாய்வு தாறுமாறாக மாறியிருக்கிறது.

சனிக்கோள் 27 பாகை. அதன் வளையங்கள் சில ஆண்டுகள் அகலமாகத் தெரிவதும், சுமார் பதினைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை விளிம்பு மட்டும் நம் பக்கம் திரும்பி மறைந்துபோவதும் அந்தச் சாய்வினால்தான். 1610இல் தொலைநோக்கியில் சனியின் இரு பக்கமும் எதையோ கண்ட கலிலியோ, 1612இல் அவை காணாமல் போனதும் குழம்பிப்போனார். 2025 மார்ச்சிலும் அந்த வளையங்கள் அப்படி விளிம்பைக் காட்டின.

யுரேனஸ்தான் அப்பாவுக்குப் பிடித்தது. குச்சியைப் படுக்கையாகவே பிடித்தார். 98 பாகை! உருண்டு கிடக்கும் கோள். சூரியனை ஒருமுறை சுற்ற அதற்கு 84 ஆண்டுகள். ஒரு துருவத்துக்கு 42 ஆண்டுகள் விடியாத இரவு. பிறகு 42 ஆண்டுகள் அடையாத பகல். "அங்க பிறந்து இரவுலேயே வளர்ந்த ஒருத்தன், நாற்பத்திரண்டு வயசுல முதல் தடவையா சூரியனைப் பார்ப்பான்" என்றார். எனக்குச் சிலிர்த்தது. இந்த மனிதர் எங்கள் வீட்டில் ஏன் இப்படிப் பேசியதில்லை? அல்லது பேசியபோது நான் ஏன் கேட்கவில்லை? நான் ஊடகத் துறையில் சேர்ந்த நாளிலிருந்து, அவருக்கு என்மேல் வருத்தம் என்று நானாகவே முடிவு செய்திருந்தேன்.

117 மீட்டர்

மறுநாள் 22ஆம் தேதி. காப்புவாஸ் ஆற்றைக் கடந்து சியாந்தான் பக்கம் போனோம். 1,100 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் இந்தோனேசியாவின் மிக நீளமான ஆறு அது. இங்கே பழுப்பு நிறத்தில் அகலமாக, அவசரமில்லாமல் போகிறது.

வெளியே தெரியும் பெரிய சின்னம் 1990இல் கட்டிய நகல். அசலைப் போல ஐந்து மடங்கு. அசல், கீழே உள்ள குவிமாடத்துக்குள் பத்திரமாக இருக்கிறது. 1928இல் டச்சுக்காரர்கள் காலத்தில் நட்டது. 1938இல் கட்டடக் கலைஞர் சிலாபான் கையில் இன்றைய வடிவம் பெற்றது. பெலியான் மரத்தூண்கள், வளையத்தில் நிலநடுக்கோடு என்பதற்கான டச்சுச் சொல், அம்பு. அப்பா வெகு நேரம் நின்றார். "படத்துல இருந்த மாதிரியேதான் இருக்கு" என்றார். அதைவிடப் பெரிய பாராட்டு அவரிடம் கிடையாது.

ஓரிடத்தில் முட்டையை நிறுத்திக் காட்டிக்கொண்டிருந்தார்கள். நிலநடுக்கோட்டில்தான் முட்டை நிற்கும் என்பது அங்கே வருபவர்களின் நம்பிக்கை. நானும் நிறுத்தினேன், நின்றது. படமெடுக்கக் கைப்பேசியைத் தூக்கினேன். அப்பா மெதுவாகச் சொன்னார். "பொறுமை இருந்தா கிள்ளான்லயும் நிக்கும். இதையும் வானொலியில சொல்லிடாத."

"இதையும்" என்ற சொல் சரியான இடத்தில் விழுந்தது.

அன்று நிழலைப் பார்க்க முடியவில்லை. வானம் முழுக்க வெளுத்த புகைமூட்டம், அதற்கு மேல் மேகம். சூரியன் பால் நிறத்தில் ஒரு பொட்டாகத் தெரிந்து மறைந்தது. காத்திருந்த நேரத்தில் அப்பா அங்கிருந்த விவரங்களைப் படித்துக்கொண்டே வந்தவர், ஓரிடத்தில் நின்று சிரித்தார்.

2005இல் நவீனக் கருவிகளோடு வந்து அளந்தபோது, உண்மையான நிலநடுக்கோடு சின்னத்துக்கு அடியில் இல்லை. சுமார் 117 மீட்டர் தள்ளி, ஆற்றுப் பக்கம் இருக்கிறது என்று கண்டார்களாம்.

"அட! அப்போ இவ்வளவு நாளா தப்பான இடத்துலயா நின்னோம்?" என்றேன்.

"தப்புதான். ஆனா பாரு, மறைக்கல. சின்னத்தையும் இடிக்கல. அளந்து பார்த்து, தப்பு இவ்வளவுன்னு சொல்லி, சரியான இடத்தையும் காட்டிட்டாங்க. விண்மீனைப் பார்த்துக் கணக்குப் போட்ட காலத்துல இவ்வளவு நெருங்கினதே பெரிய விஷயம்."

அவர் டச்சுக்காரர்களைப் பற்றித்தான் பேசினார். என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு மட்டும் சுங்கை சிப்புட் சிறுமியின் "ஓ, அப்படியாக்கா!" காதில் கேட்டது. என் தவறும் ஒன்பது மாதங்களாக எங்கேயோ நின்றுகொண்டிருந்தது. நான் மட்டும் அளக்கவே இல்லை.

பதினொன்று முப்பத்தைந்து

23ஆம் தேதி, கடைசி வாய்ப்பு. இரவில் நல்ல மழை பெய்து புகையைக் கொஞ்சம் கழுவியிருந்தது. பள்ளிப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வந்திருந்தார்கள். அப்பா தன் பையிலிருந்து இரண்டு பொருள்களை எடுத்தார். அரை முழம் வெள்ளைக் குழாய்த் துண்டு ஒன்று. சித்தப்பாவின் தச்சுப் பெட்டியிலிருந்து இரவல் வாங்கிய தூக்குக்குண்டு. குழாய் நேராக நிற்கிறதா என்று தூக்குக்குண்டு கட்டிப் பார்த்து, சின்னக் கற்களை முட்டுக் கொடுத்து நிறுத்தினார். பிள்ளைகள் நாலைந்து பேர் பக்கத்தில் குந்திக்கொண்டார்கள். அப்பாவின் மலாய் பள்ளிக்கூட மலாய்; அவர்களுக்கு நன்றாகவே புரிந்தது.

பதினொன்று மணிக்குக் குழாயின் நிழல் ஒரு விரல் நீளத்துக்கு மேற்கே கிடந்தது. பதினொன்றேகாலுக்கு அதுவும் பாதியாகச் சுருங்கியது. பிறகு மேகம் வந்து மூடியது. எல்லோரும் வானத்தைப் பார்த்து "ஆ..." என்றார்கள். அப்பா குழாயை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

பதினொன்று முப்பத்து மூன்றுக்கு மேகம் விலகியது. நிழலைத் தேடினேன். இல்லை. குழாய் தரையில் நட்ட மாதிரி நிற்கிறது, சுற்றிலும் வெயில். குனிந்து மேலிருந்து உள்ளே பார்த்தால் அடியில் மஞ்சளாக ஒரு முழு வட்டம். வெயில் குழாய்க்குள் நேராக இறங்கியிருந்தது. நிமிர்ந்தேன். என் நிழல் என் காலடிக்குள் ஒடுங்கியிருந்தது. கம்பங்கள், கைப்பிடிகள், குந்தியிருந்த பிள்ளைகள், எதற்கும் பக்கத்தில் நிழல் இல்லை. வரைந்த ஓவியத்தில் நிழல் போட மறந்துவிட்டால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது அந்த இடம்.

ஒரு சிறுவன் அப்பாவிடம் கேட்டான். "நிழல் எங்கே போச்சு?"

"பூமி சாஞ்சுதான் நிக்குது. ஆனா ஆண்டுக்கு ரெண்டு நாள், சூரியனுக்கு நேராப் பக்கவாட்டுல சாஞ்சு நிக்கும். அப்போ இந்தக் கோட்டுக்கு நேர் மேலே சூரியன் வரும்" என்றார். மார்ச்சில் ஒருமுறை, செப்டம்பரில் ஒருமுறை. அந்த நாள்களில் உலகம் முழுக்கப் பகலும் இரவும் ஏறக்குறையச் சமம்.

சில நிமிடங்களில் கிழக்குப் பக்கம் மெல்லிய கோடு ஒன்று முளைத்தது. அப்பா குழாயைத் துடைத்துப் பையில் வைத்தார்.

பிறகு ஒரு கோப்பிக் கடையில் உட்கார்ந்தோம். அவருக்குக் கோப்பி, எனக்கு அந்த ஊரின் சிறப்பான கற்றாழைப் பானம். அப்போதுதான் சாதாரணமாகச் சொன்னார்.

"நம்ம வீட்டு வாசலுக்கும் வரும்மா இது. போன வாரம்தான் வந்துட்டுப் போச்சு. 14, 15 தேதியில, பகல் ஒண்ணு பத்து வாக்குல."

நான் கண்ணாடிக் குவளையைக் கீழே வைத்தேன். "கிள்ளான்லயா? அப்புறம் எதுக்குப்பா இவ்வளவு தூரம் வந்தோம்?"

"நீ கூப்பிட்டியே" என்றார்.

நம் வாசலில்

உண்மைதான். வடக்கே 23.4 பாகையிலிருந்து தெற்கே 23.4 பாகை வரை, இடைப்பட்ட எல்லா ஊர்களுக்கும் சூரியன் ஆண்டில் இருமுறை உச்சந்தலைக்கு நேராக வரும். சிங்கப்பூருக்கு மார்ச் 23, செப்டம்பர் 19ஐ ஒட்டி. கோலாலம்பூர், கிள்ளானுக்கு மார்ச் 28, செப்டம்பர் 14, 15ஐ ஒட்டி. பினாங்குக்கு ஏப்ரல் 3, செப்டம்பர் 9ஐ ஒட்டி. சென்னைக்கு ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 வாக்கில். டில்லிக்கு ஒருநாளும் இல்லை. நம் கடிகாரம் 1982 முதல் எட்டு மணி நேரக் கணக்கில் முன்னே ஓடுவதால், நமக்கு உச்சிவேளை என்பது பகல் ஒரு மணியை ஒட்டியோ ஒன்றரைக்குள்ளோதான் வரும்.

திரும்பும் பேருந்தில் அப்பா இன்னொன்றும் சொன்னார். சாய்ந்த அச்சு பம்பரம் போல மெல்லத் தலை சுற்றுகிறது. ஒரு சுற்றுக்குச் சுமார் 26,000 ஆண்டுகள். சூரியன் உண்மையில் வடக்கே திரும்புவது டிசம்பர் 21, 22இல். நாம் உத்தராயணம் என்று பொங்கல் வைப்பது ஜனவரி நடுவில். சம இரவு நாள் மார்ச் 20, 21இல். நம் சித்திரைப் பிறப்பு ஏப்ரல் 14இல். சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன் ஏறக்குறைய ஒன்றாக இருந்தவை பம்பரத்தின் ஆட்டத்தில் விலகிவிட்டன. பஞ்சாங்கத்தில் அயனாம்சம் என்று போட்டிருப்பது அந்த விலகலைத்தான். "அவங்களும் எவ்வளவு தள்ளியிருக்குன்னு அளந்து எழுதி வச்சிருக்காங்க" என்றார்.

ஊர் திரும்பிய வாரம், சனிக்கிழமை, சிறுவர் அங்கம். முதல் பாடலுக்கு முன்பே ஒலிவாங்கியைத் திறந்தேன். "போன டிசம்பர்ல சுங்கை சிப்புட்லருந்து ஒரு தங்கச்சி கேட்ட கேள்விக்கு நான் தப்பான பதில் சொன்னேன்" என்று தொடங்கி, ஆரஞ்சையும் சாத்தே குச்சியையும் சொல்லி முடித்தேன். நான்கு நிமிடம் ஆயிற்று. அந்தச் சிறுமி கேட்டாளா என்று தெரியவில்லை. ஆனால் அன்று காலை மட்டும் ஏழு பிள்ளைகள் அழைத்தார்கள். அவர்களில் ஒருவன், "அக்கா, ஆரஞ்சுக்குப் பதிலா ரம்புத்தான்ல குத்தலாமா?" என்று கேட்டான்.

அப்பாவிடமிருந்து புலனத்தில் ஒரு வரி வந்தது. "நிழல், சுழல், இரண்டும் சரி."

அந்த வெள்ளைக் குழாய் இப்போது கிள்ளான் வீட்டு வாசலில், காலணி அடுக்குக்குப் பக்கத்தில் சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது. எடுத்து உள்ளே வைக்கப்போன அம்மாவை அப்பா தடுத்துவிட்டாராம். மார்ச் 28க்கு வேண்டும் என்றாராம். அன்று பகல் ஒன்று இருபதுக்கு நானும் அங்கே இருப்பேன்.